புதன்கிழமைக் கறி

"ஜன்னலைச் சாத்து சிசிலி! வாசனை தேம்ஸ் ஆத்தங்கரை வரைக்கும் போகுது!"

"சாத்தினா புகையிலயே செத்துருவோம். புதன்கிழமை ஆட்டுக்கறி கேட்டது யாரு? நானா?" என்றாள் சிசிலி, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

அவள் புருஷன் கில்பர்ட் தானே போய் ஜன்னலைப் பாதி சாத்தினான். லண்டனில் வாரத்துக்கு மூன்று நாள் யாரும் கறி தின்னக்கூடாது, மீன்தான். சாமிக்காக இல்லை. மீன் விற்றால்தான் படகுகள் ஓடும், படகுகள் ஓடினால்தான் போர்க்கப்பலுக்கு மாலுமிகள் கிடைப்பார்கள் என்று அரசி போட்ட சட்டம். மீறினால் மூன்று பவுண்டு அபராதம். இல்லையென்றால் மூன்று மாதம் சிறை.

"மீனைப் பாத்தாலே குமட்டுது சிசிலி. ஒரே ஒரு நாள்..."

கொல்லைக் கதவு தடதடத்தது.

"கில்பர்ட்! கதவைத் திற!"

காவல்காரர் ஆம்ப்ரோஸின் குரல். சிசிலி சட்டியை இறக்கி மேசைக்கடியில் தள்ளினாள். கில்பர்ட் கதவருகே போனான். அவன் சிறைக்குப் போய்விட்டால், நிறைமாதக்காரி இவள் தனியாக என்ன செய்வாள்?

திறந்தான். தடியோடு உள்ளே நுழைந்த ஆம்ப்ரோஸ், கதவைத் தானே தாழிட்டார். மூக்கை ஒருமுறை இழுத்தார்.

"என்ன வாசனை?"

"அது... வெங்காயம்ண்ணே."

"உங்க வீட்டு வெங்காயத்துக்குக் கொம்பு முளைச்சிருக்கோ?"

சிசிலிக்கு அழுகை வந்துவிட்டது. "அவரை விட்டுடுங்கண்ணே! ஆசைப்பட்டது நான்தான். புள்ளத்தாச்சி வாய், அடங்கல."

கில்பர்ட் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"அழாதேம்மா. நான் புடிக்கவா வந்தேன்?" ஆம்ப்ரோஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "என் வீட்டு அடுப்புல மாட்டுக்கறி வேகுது. நீதிபதி வீடு வீடா நுழைஞ்சு சட்டியைத் திறந்து பாத்துக்கிட்டு வர்றாராம். நல்ல மீனா ஒண்ணு குடுப்பா. தட்டுல வெச்சுக் காட்டணும்!"

கில்பர்ட்டுக்குப் போன உயிர் திரும்பியது. சிரித்தேவிட்டான். மறுநொடியே முகம் வெளுத்தது.

"அண்ணே, அப்ப நீதிபதி இங்கேயும் வருவாரே!"

"உனக்கென்னடா பயம்?" ஆம்ப்ரோஸ் அவன் தோளில் தட்டினார். "வெள்ளி, சனி பத்தாது, புதன்கிழமையும் ஊரே மீன்தான் திங்கணும்னு அரசிக்கு மனுப் போட்ட மீன் வியாபாரி நீ; உன் வீட்டுல வந்து யாரு கறியைத் தேடப் போறா?"