பென்சில் தூண்

மேசைமேல் அட்டையில் செய்த நூலகம் நிற்கிறது. தூணே இல்லாத வாசிப்புக் கூடம்தான் அதை வரைந்த தங்கையின் ஆசை. பொறியாளர் அண்ணனோ கூடத்தின் நடுவில் ஒரு பென்சிலை ஊன்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். "இது இல்லேன்னா கூரை தலையில விழும்மா." "கூடத்தையே கெடுத்துட்டீங்களே அண்ணே." "நானா கெடுத்தேன்? பூமி இழுக்குது." அவள் கன்னத்தை மேசையில் வைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்கிறாள். பென்சிலின் நிழல் கூடத்தை இரண்டாக வெட்டிக் கிடக்கிறது. மெல்லச் சுவரோரத்து மாடிப்படியைப் பிய்த்தெடுத்து, வளைத்து வளைத்துப் பென்சிலைச் சுற்றி ஒட்டுகிறாள். படி இருந்த இடத்தில் சுவர் மொட்டையாக நிற்கிறது. அங்கே கத்தியால் ஒரு சன்னல் திறக்கிறாள். வெயில் உள்ளே வந்து படிப்படியாக மேலே ஏறுகிறது. "என் தூண் எங்க போச்சு?" என்கிறார் அண்ணன், தானும் கன்னத்தை மேசையில் வைத்தபடி.