ஜன்னல் இல்லாத சுவர்

“கீழ கடைங்க கட்டிக்க, தம்பி. எட்டு இன்னா, பத்து கூட கட்டிக்க. மேல மாடி மட்டும் எழுப்பாத!”

ஜெயினுலாபுதீன் பாய் இப்படிச் சொன்னதும், கேளம்பாக்கம் பஞ்சாயத்து ஆபீஸில் கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செங்கல் சூளை ஜானகிராமன், மெயின் ரோட்டில் டூரிங் கொட்டகைக்கு எதிரே இருந்த தன் மனையில் கட்டடம் கட்ட பிளான் கொடுத்திருந்தார். கீழே எட்டுக் கடை. மேலே இரண்டு மாடியில் குடித்தன வீடுகள். 1974-இல் ஊருக்கு அது பெரிய அதிசயம். பஸ்ஸில் போகிறவன் எல்லாம் தலையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஜானகிராமனின் நெடுநாள் ஆசை.

ஊரே சரி என்றது. ஆட்சேபணை, மனைக்குப் பின்வீட்டுக்காரரான ஜெயினுலாபுதீனிடமிருந்து மட்டும்தான். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஜமாத் தலைவர்.

“புதுசா கடைங்க வந்தா உங்க வியாபாரம் படுத்துடும். அதானே பாய்?” என்றார் ஜானகிராமன்.

“ஜவுளிக்கடைக்கே வாடகைக்கு வுடு. நானே வந்து தொறந்து வைக்கிறேன். மாடிதான் கூடாது.”

“இன்னாத்துக்குக் கூடாது?”

“பின்னால எங்க வூட்டு முத்தம் கீது. பொம்பளைங்க பொழங்கற எடம். மேலேர்ந்து நாலு பேரு பாத்தா நல்லா இருக்குமா?”

நியாயமான பேச்சு. பாயின் தெருவில் அடுத்த வீட்டு முற்றம் தெரிகிற மாதிரி யாருமே ஜன்னல் வைக்க மாட்டார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்ட் கோபாலகிருஷ்ணன் தலையாட்டினார். ஜானகிராமனும் சட்டென்று இறங்கி வந்தார்.

“அவ்ளோதானே பாய்? உங்க பக்கம் ஒரு ஜன்னல் கூட வைக்கல. மொத்தமும் செவுரு. மொட்டை மாடியிலயும் ஆள் ஒசரத்துக்கு செவுரு எழுப்பிடறேன். ஈ, காக்கா எட்டிப் பாக்காது. போதுமா?”

பாய் சந்தோஷப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் முகமோ இன்னும் சுண்டிப் போயிற்று.

“அப்போ... செவுரு இன்னும் ஒசரமாயிடுமே?”

“ஆவும்தான்!”

“வேணாம் தம்பி. காத்து நின்னு பூடும். கடல் காத்து.”

“பாய், கடல் கெழக்கே கீது. என் மனை உங்க வூட்டுக்கு மேற்கே கீது. காத்து இன்னா ஊரைச் சுத்திகினா வருது?”

ஆபீஸே சிரித்தது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆட்சேபணைன்னா ஆட்சேபணைதான்!”

கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்த ஜானகிராமன் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

“எல்லாம் வயித்தெரிச்சல், காசி! அவரு மட்டும் மாடி வூட்டுல ராஜாவாட்டம் குந்திகினு கீறாரு. அடுத்தவன் ஒரு செங்கல் ஒசத்தி வச்சா ஆவல!”

மனைவி காசியம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆம்பளைங்க மீட்டிங் போட்டா நாற்காலிதான் தேயும். நான் போய் உம்மு சல்மா அக்காவைப் பாத்துட்டு வரேன்.”

உம்மு சல்மா, பாயின் மனைவி. காசியம்மாளுக்குப் பல வருஷப் பழக்கம்.

ஆறு மணிக்குப் போனவள் எட்டு மணிக்குத்தான் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

ஜானகிராமன் பதறிவிட்டார். “இன்னா, பாய் ஏதாவது சொல்லிட்டாரா?”

“அவரு எங்க இருந்தாரு? பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு.”

“அப்புறம் ஏன் அழுதுகினு வர?”

“படம் அப்படி. இடைவேளை வரைக்கும்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு கதி இன்னா ஆச்சோ, நாளைக்குப் போய்த்தான் பாக்கணும்.”

“எந்தப் படம்? எங்க பாத்த?”

“அக்கா வூட்டு மொட்டை மாடியில! நேரா பாத்தா ரோட்டுக்கு அந்தாண்ட கொட்டாய். ஓரத்து ஓலைத் தட்டிக்கு மேல திரை முழுசா தெரியுதுங்க. ஷஹர்பானு, சைதூன்னு அந்தத் தெரு பொம்பளைங்க பதினஞ்சு பேரு. ஜமக்காளம் விரிச்சு, முறுக்கு வச்சுகினு... நம்ம மாடி எழும்பிச்சுன்னா அத்தனை பேருக்கும் செவுருதான் படம். பாவம், அதுங்களுக்குக் கீற ஒரே பொழுதுபோக்கு அதாங்க.”

ஜானகிராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சினிமா பக்கமே யாரும் போகக் கூடாதுன்னு ஜமாத்துல தீர்மானம் போட்டவராச்சே பாய்!”

“யாரும் போகலியே! வூட்டு மாடியிலதானே கீறாங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளானை எடுத்து விரித்தார். ஆசை ஆசையாகப் போட்ட பிளான். பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, பென்சிலை எடுத்து மேலே இருந்த இரண்டு மாடியையும் அடித்தார்.

“போவட்டும். கடைங்களோட நிறுத்திக்கிறேன். மாடியை நம்ம உப்பளத்து ரோட்டு மனையில கட்டிக்கலாம். ஆனா காசி, இந்த விஷயம் வெளியில மூச்சு வுடாத. வூட்டுக்காரி காத்து வராதுன்னு சொன்னதை நம்பிகினு அந்த மனுஷன் வந்து சண்டை போடறாரு. உண்மை தெரிஞ்சா மாடிக்கதவுல பூட்டுத் தொங்கும்.”

காசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நல்லா சொன்னீங்க போங்க! போன மாசம் வரைக்கும் பாதித் திரைதான் தெரிஞ்சுதாம். கொட்டாய்க்காரர் கையில கெஞ்சி, அந்தத் தட்டியை ரெண்டடி எறக்கிக் கட்ட வச்சதே பாய்தானாம்!”