கறுப்புத் தண்ணீர்

பசறை ரோட்டில் பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்திருந்த கனகராஜுக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. வார்ப்புகளைக் குளிரவைத்துக் கழுவிய கறுப்புத் தண்ணீர் இத்தனை வருடமாகக் கீழே தேயிலைத் தோட்டத்து வடிகால் கானில்தான் ஓடியது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை ஒருவழியாக முடித்துவிட்டார். இப்போது அந்தத் தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்து மறுபடியும் பட்டறைக்கே எடுக்கிறார். வெளியே ஒரு சொட்டும் போவதில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துப் புவனேஸ்வரி இடுப்பில் குழந்தையோடு மேடேறி வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. இனிமே அந்த அழுக்குத் தண்ணி உங்க பக்கம் வராது."

"அதுக்குத்தாங்க மொதலாளி வந்தேன். பழையபடி தெறந்து விடுங்க."

"என்னம்மா சொல்ற? கீரப் பாத்திக்கா?"

"பாத்தி ஏதுங்க? மண்சரிவுல எங்க தண்ணிப் பீலி ஒடஞ்சதுல இருந்து, கானுக்குப் பக்கத்துல குழி வெட்டித்தான் தண்ணி மொள்ளுறோம். தெளிவாத்தான் ஊறுச்சு, ஊத்துன்னு நெனச்சோம். இப்ப ஒங்க கானு காய்ஞ்சதும் குழியும் காய்ஞ்சி போச்சுங்க."

கனகராஜ் கீழே காய்ந்து கிடந்த கானை எட்டிப் பார்த்தார்.

"குடிக்கவுமா?"

"ஆமாங்க."

"புள்ளைக்கும் அதேதானா?"

"புள்ளைக்கு நல்லாக் காய்ச்சித்தாங்க குடுப்பேன்" என்றாள், அவரைச் சமாதானப்படுத்துவதுபோல.

அன்றைக்கே தன் வீட்டுக் குழாயிலிருந்து லயம்வரை பைப் இழுத்துக் கொடுத்தார். புவனேஸ்வரி முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அதை நிமிர்ந்து பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.