வெளியூர்க்காரர்கள்

"எழுதிக்கோ, இசிரேலி. மணல் லாரியை மறிச்சவங்க யாரும் உள்ளூர் ஆளுங்க இல்ல. எல்லாம் வெளியிலேர்ந்து வந்து தூண்டிவிடுற கூட்டம்."

தலைநகர் சுவாவிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் நௌலு சொல்லச் சொல்ல, கான்ஸ்டபிள் இசிரேலி வானொலிச் செய்திக்கான அறிக்கையைத் தட்டச்சு செய்தான்.

"நீ இந்த ஊர்தானே? லாக்கப்ல இருக்கிற ஆறு பேர்ல யாரையாவது தெரியுமா?"

இசிரேலி கம்பிகளுக்கு அப்பால் பார்த்தான். உள்ளே இருந்த ஒரே பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியாது சார்."

மற்ற ஐந்து பேரும் அவனையே பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்மணியிடம் போனார். "பொறந்தது எங்கம்மா?"

"கண்டாவு தீவு."

"பாத்தியா, கடல் தாண்டி வந்திருக்கு. இங்க உனக்குச் சொந்தம்னு யாராவது உண்டா?"

"யாரும் இல்ல சார்."

"அதையும் சேத்துக்கோ."

இசிரேலி சேர்த்தான். அறிக்கை வானொலி நிலையத்துக்குப் போயிற்று.

பிறகு அவன் லாக்கப்புக்குத் தண்ணீர் கொண்டுபோனான். அந்தப் பெண்மணி கம்பியருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மரவள்ளிக்கிழங்கு அவிச்சு மூடி வெச்சிருக்கேன், போய்ச் சாப்பிடு. நான் உன் அம்மான்னு அவருக்குத் தெரிய வேணாம்பா. உன் வேலை போயிடும்."

இசிரேலி பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது பின்னால் இன்ஸ்பெக்டரின் காலடிச் சத்தம் கேட்டது.

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை 'நீ' என்றே அழைத்தவன், தரையைப் பார்த்தபடி, "தண்ணி குடிங்கம்மா" என்றான்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நன்றி சார்."