மஞ்சள் ஹெல்மெட்

"போட்டோதானே எடுக்கறோம்? குழந்தை குதிரை மேல ஏறவே இல்லையே" என்றாள் பியூலா.

"பக்கத்துல நிக்கறாளே மேடம். அதுக்கும் ஹெல்மெட் போடணும்" என்றாள் பஷீரா.

முடிச்சூர் தாண்டி, பிளாட் போட்டும் வீடு வராத ஒரு காலி மனையில் நடக்கும் குதிரைப் பயிற்சி அது. சொல்லிக் கொடுப்பவள் பஷீரா. முக்காட்டுக்கு மேல் எப்போதும் ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதைக் கழற்றி அவளை யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கும்போதும் தலையில் இருக்கும், போனில் பேசும்போதும் இருக்கும். தூங்கும்போதும் அதோடுதான் தூங்குவாள் என்று வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவளே பியூலாதான்.

இன்று அவள் மகள் ஜெரூஷாவுக்குப் பிறந்தநாள். புது கவுன், பார்லரில் பின்னிய தலை. குதிரையோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காவிட்டால் அந்தப் பின்னலுக்கு என்ன மரியாதை? பஷீரா வாளி எடுக்கப் போன நேரம் பார்த்து, மகளின் ஹெல்மெட்டைக் கழற்றி, குதிரையின் பின்பக்கமாக ஒட்டி நிற்க வைத்தாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது.

குதிரை எரிச்சலாகக் காதுகளைப் பின்னுக்கு மடித்தது. போனையே பார்த்துக்கொண்டிருந்த பியூலாவுக்கு அது தெரியவில்லை.

சத்தம் போடாமல் விறுவிறுவென்று வந்தாள் பஷீரா. ஜெரூஷாவின் கையைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் குழந்தை மண்ணில் விழுந்தாள். கவுன் கிழிந்தது. விழுந்தவளுக்கு அடிபட்டதா என்றுகூடப் பார்க்காமல், முதல் வேலையாக ஹெல்மெட்டை எடுத்து அந்த அழுகிற தலையில் மாட்டிக் கொக்கியைப் போட்டாள். பின்னல் கலைந்துபோனது.

பியூலா பள்ளிக்கூட டீச்சர். குரல் சாதாரணமாகவே பெரிசு. என் குழந்தைமேல் கை வைக்க நீ யார் என்று ஆரம்பித்து, நாளையிலிருந்து இவளை அனுப்பப் போவதில்லை என்று முடித்தாள். ஜெரூஷாவுக்கு விழுந்ததைவிட அதுதான் வலித்தது. வகுப்பை மட்டும் நிறுத்தாதீங்கம்மா என்று தேம்பினாள்.

பஷீரா மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "என்னைத் திட்டுங்க மேடம். ஹெல்மெட்ட மட்டும் கழட்டாதீங்க" என்றாள்.

பயிற்சி நடப்பது அவள் கணவர் அப்துல் ரசாக் பெயரில்; அவரைப் பியூலா பார்த்ததில்லை. மனையை ஒட்டியே வீடு. அவரிடமே நியாயம் கேட்டுக்கொள்கிறேன் என்று மகளை இழுத்துக்கொண்டு அங்கே போனாள் பியூலா.

ரசாக் ஜன்னலோரம் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மனை முழுவதும் தெரிந்தது. வாங்க சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். பியூலா கொட்டித் தீர்த்ததையெல்லாம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். இத்தனை தன்மையான மனுஷனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

பின்னாலேயே பஷீரா வந்தாள். ரசாக்கின் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டா என் பஷீரா."

அவள் தட்டில் சோறு பிசைந்து எடுத்து வந்து அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அவர் கைகள் மடியிலேயே அசையாமல் கிடப்பதை அப்போதுதான் பியூலா கவனித்தாள். அவள் குரல் தானாக இறங்கியது. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எனக்குக் குதிரை ஓட்டக் கத்துக் கொடுத்ததே இவர்தான். ஹெல்மெட் இல்லாம யாரையும் ஏற விடமாட்டார். அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம், என் தலையில இதே மஞ்சள் ஹெல்மெட். இறங்கியாச்சேன்னு இவர் ஹெல்மெட்ட கழட்டி வேலியில மாட்டிட்டு, பின்பக்கமா சுத்தி வந்தார். குதிரைய ஈ கடிச்சுது." பஷீரா அவர் வாயோரம் ஒட்டிய பருக்கையைத் துடைத்தாள். "அது இவரை உதைக்கல மேடம். ஈயத்தான் உதைச்சுது. நடுவுல இவர் தலை வந்துடுச்சு."

அதே பின்பக்கத்தில்தானே பியூலா தன் மகளை நிறுத்தி, சிரி சிரி என்று சொன்னாள். வெட்கத்தில் அவளால் பஷீராவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாளைக்கும் ஜெரூஷா வருவாள் என்று மட்டும் சொன்னாள்.

மின்சாரம் இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை வழிந்து பஷீராவின் கண்ணில் இறங்கியது. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் சோறு. துடைக்கவும் வழியில்லை. இத்தனை நாள் இவளைப் பார்த்துச் சிரித்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது பியூலாவுக்கு.

"இங்க ஏது குதிரை? வீட்டுக்குள்ளயாவது நிம்மதியா இரும்மா" என்று சொல்லிக்கொண்டே கொக்கியை விடுவித்தாள்.

"வேணாம் மேடம்" என்று பஷீரா பதறி நகர்வதற்குள் அதைக் கழற்றியும் விட்டாள்.

வாயருகே வந்த கவளத்தை விட்டு ரசாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிமுகமில்லாத பெண்ணிடம் பேசும் கூச்சத்தோடு பஷீராவைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க யாருங்க? என் சம்சாரம் இப்பதான் இங்க இருந்தா. மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பா. அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, அவ ஊட்டினாத்தான் நான் சாப்பிடுவேன்."