கரண்டு போன நேரம்

கல்லூரிச் சுவரை ஒட்டிய விசைத்தறிகள் சட்டென்று நிற்கின்றன. கரண்டு போய்விட்டது. ஆய்வக மேசையின் அதிர்வு அடங்கும் இந்த நேரத்துக்காகவே காத்திருந்த விரிவுரையாளர் கோகிலாம்பாள், நுண்ணோக்கியின் அடியிலுள்ள ஒளிக்கண்ணாடியை அருப்புக்கோட்டை வெயிலுக்குத் திருப்புகிறார். கோழியின் உறைந்த ரத்தநீரில் பின்னிய இழைகளுக்கு நடுவே ஒற்றைச் செல் உயிரோடு இருக்கிறது. நுண்ணோக்கியின் திருகைக் கொஞ்சங்கொஞ்சமாய்த் திருப்பி, ஆழத்தில் தெரியும் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தகட்டில் வரைகிறார். தகடுகளை அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க, எல்லாத் திசையிலும் கைநீட்டி இழைகளைப் பற்றிய முழு உருவம் எழுகிறது. “மேலயும் கீழயும்லா புடிச்சிருக்கு மேடம்,” என்கிறார் ஆய்வக உதவியாளர் சந்தனம்மாள். “வெறுங் கண்ணாடியில வளத்தா தட்டையாப் படுத்துக்கிடும். சுத்தி இழை இருந்தாத்தான் இப்படி,” என்கிறார் கோகிலாம்பாள். கரண்டு வந்து தறிகள் மறுபடி இரைகின்றன. மேசை நடுங்க, சந்தனம்மாள் குனிந்து பார்க்கிறார். உள்ளே இழைகளும் நடுங்குகின்றன. “இன்னும் புடிய விடலயே மேடம்,” என்கிறார், கண்ணை எடுக்காமல்.