ஒரு கடிதம்கூட நனைந்ததில்லை

வானகரத்தில் புறவழிச்சாலையை ஒட்டி, பழைய மெயில் கப்பல் வடிவில் கட்டிய ஓட்டல். ஞாயிறு மதியம். வட்ட ஜன்னல்களுக்கு வெளியே லாரிகள் அலறுகின்றன. சுவரை அடைத்திருக்கும் கரும்பலகையில், பினாங்கிலிருந்து மெட்ராஸ் வந்த தபால் கப்பல்களின் வரலாற்றைக் கலர் சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய ஹில்டா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசி வரியை மறுபடி படிக்கிறாள்: 'எந்தப் புயலிலும் ஒரு கடிதம்கூட நனைந்ததில்லை.' "உக்காரும்மா, சூப் ஆறுது" என்கிறான் மகன் பெனிட்டோ. "லெட்டர் நனையலியாம்டா! சின்ன வயசுல நாங்க பினாங்குலேர்ந்து இந்தக் கப்பல்லதான் வந்தோம். பொயல் அடிக்கச்சொல்ல தபால் மூட்டைய உள்ள வச்சிப் பூட்டிகினானுங்க. எங்கள மேல்தட்டுல மழையில போட்டானுங்க. என் தம்பி, கைக்கொழந்த, ஜொரத்துல வெறைக்கிறான். அப்பா கதவத் தட்டித் தட்டிக் கெஞ்சறாரு. ஒருத்தன் தொறக்கல. விடிஞ்சதும் புள்ளைய கடல்ல போட்டானுங்க." மாலுமித் தொப்பி வைத்த சர்வர் சிரித்தபடி வருகிறார். "போட்டோ எடுக்கணுமா மேடம்?" ஹில்டா அவர் கையிலிருக்கும் தண்ணீர் ஜக்கைப் பிடுங்கிப் பலகைமேல் வீசி ஊற்றுகிறாள். கப்பலும் புயலும் நீலமாய்க் கரைந்து தரையில் ஓடுகின்றன. சாப்பிடுகிறவர்களின் கைகள் நிற்கின்றன. "இப்ப நனைஞ்சிச்சில்ல?" என்கிறாள். "இத்த எழுது."